பால் திரியாதிருக்க வழி சொன்ன பெண் விஞ்ஞானி

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் விடியுமுன்னே பாய்லர் சூடாகிவிடும். நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், சாலை மார்க்கெட்டுக்கு மூட்டை சுமக்கப் போகிறவர்கள், இரவு வேலை முடிந்து அறைக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரு டீ. அதில் ஊற்றும் பால் எங்கிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் சுவாரசியமானது. கேரளத்தில் கறக்கும் பால் கேரளத்துக்குப் போதுவதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்டத் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பால் வருகிறது. டீக்கு நிற்கிறவர்களில் பலரைப் போலவே பாலும் எல்லை தாண்டிப் பிழைக்க வந்ததுதான்.

எல்லை தாண்டி வருகிறவனைச் சற்று உற்றுப் பார்ப்பது உலக வழக்கம். பாலுக்கும் அது உண்டு. பாறசாலை, ஆரியங்காவு, மீனாட்சிபுரம் ஆகிய இடங்களில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. ஓணம் நெருங்கும் நாட்களில் அங்கே கெடுபிடி அதிகம்.

2023 ஜனவரியில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த டேங்கர் லாரி ஒன்று ஆரியங்காவில் நிறுத்தப்பட்டது. அதில் இருந்தது 15,300 லிட்டர் பால். சாவடியில் செய்த பரிசோதனையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பதாகப் பால்வளத் துறை சொன்னது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை மாதிரி எடுத்துப் பரிசோதித்தது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு இல்லை என்று முடிவு வந்தது. ஒரே பால், ஒரே அரசு, இரண்டு துறைகள், இரண்டு முடிவுகள்! தாமதமாக மாதிரி எடுத்ததே காரணம் என்றது பால்வளத் துறை. "தமிழ்நாட்டுப் பால் விஷப் பால்" என்று முதல் நாள் பேசியவர்களும், "எங்கள் பால் மீது வீண் பழி" என்று மறுநாள் பேசியவர்களும் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் இதற்குள் ஒரு விஞ்ஞான உண்மை இருக்கிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு என்பது தண்ணீரில் இன்னொரு பங்கு ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள். கிருமிகளைக் கொல்லும். ஆகவே குளிர்பதன வசதி இல்லாமல் தொலைதூரம் பால் கொண்டு போகிறவர்கள், பால் கெடாதிருக்க இதைக் கலப்பதுண்டு. சட்டப்படி இது குற்றம். பாலிலேயே இயற்கையாகக் 'காட்டலேஸ்' என்ற என்ஸைம் ஒன்று இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். நேரம் செல்லச் செல்லப் பெராக்சைடு கரைந்து மறையும். கலந்தவன் தப்பிவிடுவான். கலக்காதவன் மீது சந்தேகம் வந்தாலோ, நேரம் கடந்தபின் தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்க அவனுக்கும் வழியில்லை. எந்த மணியில், யார், எந்த முறையில் சோதித்தார்கள் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

உணவும் பாலும் பற்றிய இத்தகைய நுணுக்கங்களில் ஆயுளைச் செலவிட்ட ஒரு பெண்மணி நம் நாட்டில் இருந்தார். அவர் பெயர் டாக்டர் கமலா சோஹனி. அவருக்கு ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு திறந்த கதை, பாலின் கதையைவிடச் சுவையானது.

"பெண்களுக்கு இடமில்லை"

கமலா 1911-ல் இந்தூரில் பிறந்தார். தந்தை நாராயணராவ் பகவத், சிற்றப்பா மாதவராவ் பகவத் இருவரும் ரசாயனம் படித்தவர்கள். பெங்களூரில் டாடா இன்ஸ்டிடியூட் என்று பழைய தலைமுறை அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆரம்பகால மாணவர்கள். கமலாவின் தமக்கை துர்கா பகவத் பிற்காலத்தில் மராத்தி இலக்கியத்தில் பெரும் பெயர் எடுத்தவர். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண், பம்பாய் சர்வகலாசாலையில் ரசாயனம், பௌதிகம் படித்து 1933-ல் பி.எஸ்ஸி. தேறியதும், தந்தையும் சிற்றப்பாவும் படித்த இடத்திலேயே மேற்படிப்பு படிக்க விரும்பியதில் ஆச்சரியமில்லை. மதிப்பெண்ணும் இருந்தது. விண்ணப்பம் போட்டார். நிராகரிக்கப்பட்டது. காரணம், அவர் பெண்.

நிராகரித்தவர் யார்? திருச்சி திருவானைக்காவலில் பிறந்து, 1930-ல் நோபல் பரிசு பெற்று, தமிழர்கள் எல்லோரும் தலைநிமிரும்படி செய்த சர் சி.வி. ராமன். 1933-ல்தான் அவர் அந்தக் கழகத்தின் டைரக்டராகப் பொறுப்பேற்றிருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது அவர் எடுத்த முடிவு. நம்மவர் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

கமலா பம்பாய் திரும்பிப் போய் அழுதுகொண்டிருக்கவில்லை. நேரே பெங்களூர் போனார். டைரக்டரின் அறை வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார். காந்தி யுகம் அல்லவா! கடைசியில் ராமன் இணங்கினார், நிபந்தனைகளின்மேல். முதல் வருஷம் கமலா முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார். அவருடைய வேலையின் தரம் டைரக்டருக்குத் திருப்தி அளித்த பிறகே அது அங்கீகரிக்கப்படும். வழிகாட்டும் ஆசிரியர் சொன்னால் எந்த இரவு நேரத்திலும் வேலை செய்ய வேண்டும். ஆண் மாணவர்களின் கவனம் அவரால் சிதறக் கூடாது.

கடைசி நிபந்தனையைப் படிக்கும்போது இன்று சிரிப்பு வரும். 22 வயதுப் பெண்ணுக்கு அது சிரிக்கும் விஷயமாக இருந்திருக்காது. அந்த அவமானத்தைத் தம்மால் மறக்க முடியவில்லை என்பதை முதுமையிலும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். ராமனின் மேதைமையை ஒப்புக்கொண்டுதான் அதையும் சொன்னார்.

நல்லவேளையாக வழிகாட்டியாக வாய்த்தவர் ஸ்ரீனிவாசய்யா. கண்டிப்பானவர், ஆனால் கற்றுக் கொடுப்பதில் ஆண், பெண் பார்க்காதவர். அவரிடம் கமலா எடுத்துக்கொண்ட விஷயம் பால், பருப்பு, பயறு வகைகளில் உள்ள புரதங்கள். விலங்கிலிருந்து வரும் புரதத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாத நாட்டில், பயறும் பருப்பும் ஏழையின் சதைப்பிடிப்புக்கு எவ்வளவு உதவும் என்பதை அறியும் ஆராய்ச்சி அது. ஒரு வருஷம் கழிந்தது. ராமன் திருப்தி அடைந்தார். அதன்பின் அந்தக் கழகத்தில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1936-ல் கமலா சிறப்புத் தகுதியுடன் எம்.எஸ்ஸி. பெற்றார்.

இங்கே ஒரு உள்ளூர்ச் செய்தி. திருவிதாங்கூர் பீர்மேட்டில் பிறந்த அன்னா மாணி, 1940-ல் ராமனின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளித் தன்மைகளை ஆராய்ந்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குப் பி.எச்.டி. பட்டம் கொடுக்கவில்லை. பட்டம் இல்லாமலே இந்திய வானிலைத் துறையின் துணை டைரக்டர் ஜெனரல் வரை உயர்ந்து ஓய்வு பெற்ற அவர், 2001-ல் இந்தத் திருவனந்தபுரத்தில்தான் காலமானார். கமலா சத்தியாக்கிரகம் இருந்து திறந்த கதவு வழியாக வந்தவர்களில் அவரும் ஒருவர் என்று சொல்லலாம்.

உருளைக்கிழங்கில் ஒரு கண்டுபிடிப்பு

1937-ல் கமலா இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். வைட்டமின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற சர் பிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸின் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் இல்லை. அங்கே வேலை செய்த டெரெக் ரிக்டர் என்பவர், பகல் நேரத்தில் தம் மேஜையில் வேலை செய்துகொள்ள இடம் கொடுத்தார். பெங்களூரில் நிபந்தனை, இங்கே இரவல் மேஜை! அந்த மேஜையிலிருந்து வேலை தொடங்கியது.

பிறகு ராபின் ஹில் என்ற விஞ்ஞானியுடன் தாவரத் திசுக்களை ஆராய்ந்தார். உருளைக்கிழங்கை வைத்து வேலை செய்தபோது, தாவரத்தின் செல்களிலும் 'சைட்டோக்ரோம் ஸி' என்ற பொருள் இருப்பதைக் கண்டறிந்தார். இது இரும்புச் சத்து கொண்ட ஒரு புரதம். உயிரணுக்கள் சுவாசிக்கும்போது நடக்கும் மாற்றங்களில் முக்கியப் பங்கு இதற்கு உண்டு. மனிதனானாலும் கிழங்கானாலும் மூச்சின் அடிப்படை ஒன்றே என்று இதனால் தெளிவாயிற்று. ஆரியங்காவு லாரிப் பாலில் பெராக்சைடைப் பிரித்துவிடக்கூடிய காட்டலேஸும் இதே போல இரும்பை மையமாகக் கொண்ட பொருள்தான்; ஒன்றுக்கொன்று பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆராய்ச்சியைக் கமலா பதினான்கே மாதங்களில் முடித்தார். பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சி நூல் வெறும் 40 பக்கம். தலையணை தலையணையாக எழுதிக் கொடுப்பவர்கள் மத்தியில் இது ஒரு விந்தை. 1939-ல் பி.எச்.டி. கிடைத்தது. விஞ்ஞானத்தில் பி.எச்.டி. பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். (தலச்சேரியில் பிறந்த தாவர இயல் மேதை ஜானகி அம்மாள் 1931-லேயே அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதையும் மலையாள நாட்டில் இருந்துகொண்டு மறந்துவிடக் கூடாது.)

குன்னூரும் பதநீரும்

நாடு திரும்பிய கமலா, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உயிர் ரசாயனத் துறைக்குத் தலைவரானார். அங்கிருந்து வந்த இடம் நம் நீலகிரி மலையிலுள்ள குன்னூர்.

குன்னூர் என்றதும் தேயிலையும் குளிரும்தான் நினைவுக்கு வரும். இந்தியாவின் சத்துணவு விஞ்ஞானம் பிறந்த ஊர் அது என்பது பலருக்குத் தெரியாது. 1918-ல் அங்குள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஒரே அறையில் தொடங்கிய வேலை, பிறகு சத்துணவு ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது, புழுங்கலரிசி நல்லது என்பதெல்லாம் அந்த மலையில் நடந்த ஆராய்ச்சிகளால் வலுப்பெற்ற உண்மைகள். 1958-ல் அந்த நிலையம் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்ற பெயரில் இயங்குகிறது.

குன்னூரில் உதவி டைரக்டராக இருந்த கமலா வைட்டமின்களை ஆராய்ந்தார். ஆனால் மேலே போகும் வழி தெளிவாக இல்லை. 1947-ல் எம்.வி. சோஹனி என்பவரை மணந்து பம்பாயில் குடியேறினார். அங்கே ராயல் இன்ஸ்டிடியூட் ஆப் சயன்ஸில் புதிதாகத் தொடங்கிய உயிர் ரசாயனத் துறையில் சேர்ந்தார். அவருடைய நீண்ட காலப் பணி முழுவதும் அங்கேதான்.

பயறு வகைகளை அவரும் அவருடைய மாணவர்களும் விடாமல் ஆராய்ந்தார்கள். பச்சைப் பயறுகளில் நம் வயிற்றிலுள்ள டிரிப்ஸின் என்ற செரிமான என்ஸைமைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் அதன் தடுப்புச் சக்தி பெரும்பாலும் அழிந்துவிடும். அவசரத்தில் அரைவேக்காட்டுப் பயறோடு கஞ்சி குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிற ஒண்டிக்கட்டைகள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. வயிறு பொருமுவது மட்டுமல்ல, கொடுத்த காசுக்குரிய சத்தும் உடம்பில் ஒட்டாது.

பயறைவிட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நீரா. பனை இனத்து மரங்களிலிருந்து இறக்கும், புளிக்காத இனிப்பு நீர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் நமக்குப் பதநீர். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் அக்கானி. கள்ளாக மாறுமுன் இறக்கிக் குடித்தால் அதில் என்ன சத்து இருக்கிறது என்று ஆராயும்படி அப்போதைய ஜனாதிபதி டாக்டர் ராஜேந்திர பிரசாத் யோசனை சொன்னார். வைட்டமின்களும் இரும்புச் சத்தும் அதில் இருப்பதையும், வெல்லமாகக் காய்ச்சிய பிறகும் அவற்றில் ஒரு பங்கு தங்குவதையும் கமலா சோஹனி கண்டறிந்தார். சத்துக் குறைவுள்ள ஆதிவாசிச் சிறுவர் சிறுமியருக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்துப் பார்த்ததில் உடல்நிலை தேறியது. இந்த ஆராய்ச்சிக்காக ஜனாதிபதி விருது கிடைத்தது. பனங்கருப்பட்டியைக் காப்பியில் போட்டுக் குடிக்கும் கன்னியாகுமரி ஜில்லாக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுச் செய்தி அல்ல. ஆனால் பாட்டி சொன்னதற்கும் பரிசோதனைக்கூடம் சொன்னதற்கும் சர்க்கார் கொடுக்கும் மதிப்பு வேறு.

இத்தனைக்கும் பிறகு, அந்த நிலையத்தின் டைரக்டர் பதவி அவருக்கு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. நான்கு ஆண்டுகள் தள்ளிப் போனது. பெண் என்ற பழைய காரணமே மறுபடி உள்ளே புகுந்து வேலை செய்தது. கடைசியில் டைரக்டரானார்.

ஆரே பாலும் அதன் சிக்கலும்

பம்பாயில் தாராவியிலும் மாதுங்காவிலும் வாழ்ந்த பழைய தலைமுறைத் தமிழர்களைக் கேட்டால் ஆரே பாலைப் பற்றிச் சொல்வார்கள். கண்ணாடிப் பாட்டிலில் வரும் எருமைப் பால். நகரத்துக்குள் சாணமும் ஈயுமாக இருந்த மாட்டுத் தொழுவங்களை வெளியேற்றி, கோரேகாவ் அருகே 1949-ல் அமைத்தது ஆரே பால் காலனி. அந்தப் பாலின் தரம் பற்றி நிர்வாகத்துக்கு ஆலோசனை சொன்னவர் டாக்டர் கமலா சோஹனி. பால் திரியாதிருக்கக் கடைப்பிடிக்க வேண்டிய முறையையும் அவர் வகுத்துக் கொடுத்தார்.

பால் திரிவது ஒரு சிறிய விஷயம் போலத் தோன்றும். ஒரு வீட்டில் அரை லிட்டர் திரிந்தால் அம்மா முணுமுணுத்துக்கொண்டு சர்க்கரை போட்டுக் கிண்டிவிடுவாள். ஒரு பெரிய பால் நிலையத்தில் திரிந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அன்று பால் இல்லை.

காரணம் கிருமி. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைக் கிருமிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஓர் அளவைத் தாண்டியதும் கேசின் என்ற புரதம் திரள்கிறது. பார்வைக்கு நன்றாக இருந்த பால் அடுப்பில் வைத்தவுடன் திரிவது இதனால்தான். அமிலம் முன்பே பாதி வேலையை முடித்துவிட்டது, சூடு மீதியை முடிக்கிறது. நம் ஊர் வெயிலில் கறந்த பாலைக் குளிரவைக்காமல் விட்டால் கிருமிகள் மளமளவென்று பெருகும். யோக்கியமான வழி, கறந்த பாலைச் சீக்கிரம் 4 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குக் குளிர்வித்து, பிறகு 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, மறுபடி குளிர்விப்பது. பாஸ்சரைசேஷன் என்பது இதுதான். இதற்கு யந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும், சுத்தமான பாத்திரம் வேண்டும். அயோக்கியமான வழிக்கு ஒரு கைப்பிடிச் சோடா உப்பு போதும். புளிப்பை அது மறைத்துவிடும். கிருமியை ஒன்றும் செய்யாது.

தண்ணீர் கலப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் சேர்த்தால் பால்மானி ஆழமாக இறங்கும். ஆனால் வெண்ணெயை எடுத்துவிட்டால் மேலே ஏறும். இரண்டையும் அளவாகச் செய்கிற கெட்டிக்காரனிடம் பால்மானி சரியான அளவையே காட்டும்! ஆகவேதான் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான திடப்பொருள் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே அளக்கிறார்கள். பாக்கெட்டில் டோன்டு பால் என்று போட்டிருந்தால் அதில் 3 சதவீதம் கொழுப்பும், 8.5 சதவீதம் மற்றத் திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

பாலைக் காக்க முன்வந்த பெண்களுக்கு வெள்ளைக்கார நாட்டிலும் ராஜ மரியாதை கிடைத்துவிடவில்லை. மேரி பென்னிங்டன் என்பவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தபோது, பெண் என்பதால் பட்டம் தராமல் ஒரு சர்டிபிகேட் மட்டும் கொடுத்தார்கள். பிலடெல்பியா நகரில் பால், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் சுகாதாரத்தைச் சீர்படுத்தியவர் அவர். மத்திய சர்க்கார் வேலைக்கான பரீட்சை எழுதும்போது, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி எம்.இ. பென்னிங்டன் என்று கையெழுத்திட்டார்.

ஆலிஸ் இவான்ஸ் என்ற இன்னொரு பெண்மணி அமெரிக்க விவசாய இலாகாவின் பால் பிரிவில் வேலை செய்தார். காய்ச்சாத பாலிலிருந்து மனிதருக்கு விட்டு விட்டு வரும் ஒரு கொடிய காய்ச்சல் தொற்றும் என்று 1917-ல் எடுத்துச் சொன்னார். இன்று அதன் பெயர் புரூசெல்லோசிஸ். டாக்டர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொல்வதை நம்புவதா என்று பெரிய விஞ்ஞானிகள் ஒதுக்கினார்கள். 1922-ல் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தக் கிருமி அவரையே பிடித்தது. பல ஆண்டுகள் படுத்தியது. பாலைப் பாஸ்சரைஸ் செய்தே விற்க வேண்டும் என்ற கருத்து அங்கே வேரூன்றியதில் அவர் பங்கு பெரிது.

வாங்குகிறவர் கட்சி

கமலா சோஹனி ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றிருந்தால் வெளியுலகுக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்க மாட்டார். 1966-ல் பம்பாயில் ஒன்பது பெண்கள் சேர்ந்து தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தில் அவர் ஈடுபட்டு உழைத்தார். கடையில் ஏமாறுகிறவருக்காகப் பேச நாட்டில் அமைப்பே இல்லாதிருந்த காலம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1986-ல்தான். சங்கத்தின் பத்திரிகையான 'கீமத்'தில் கலப்படம், உணவுப் பாதுகாப்பு பற்றிச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுதினார். 1982-83-ல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

கலப்படத்தைத் தடுக்க முன்பு மாகாணத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. சென்னை மாகாணத்தின் சட்டம் 1918-ல் வந்தது. நாடு முழுவதற்குமான கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் அமலாயிற்று. இப்போது அதன் இடத்தில் இருப்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். இதன்படி அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பாகமாகப் பிரிக்கப்படும். ஒன்று அரசின் பகுப்பாய்வாளருக்கு. திருவனந்தபுரத்தில் அவருடைய பரிசோதனைக்கூடம் வஞ்சியூரில் இருக்கிறது. வியாபாரி விரும்பினால் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கும் அனுப்பச் சொல்லலாம். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவை ஏற்காதவர் 30 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பால் மாதிரி கெட்டுப்போகாதிருக்க அதிகாரி அதில் பார்மலின் சேர்த்து அனுப்புவார். அதே பார்மலினைப் பால்காரர் சேர்த்தால் குற்றம்!

பலருக்குத் தெரியாத இன்னொரு பிரிவும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதிகாரிக்குத்தான் மாதிரி எடுக்க உரிமை என்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய எவரும், விற்றவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணம் திருப்பித் தரப்படும். லாட்ஜ் அறையில் நான்கு பேராகப் பொங்கித் தின்கிற குமாஸ்தாவுக்கும் இந்த உரிமை உண்டு. அவர் எந்த மாநிலத்துக்காரர் என்று யாரும் கேட்க முடியாது.

1998-ல் டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கமலா சோஹனியைக் கௌரவிக்க ஒரு விழா எடுத்தது. அக்கவுன்சிலுக்கு முதல் பெண் டைரக்டர் ஜெனரலாக வந்த டாக்டர் சத்தியவதி ஏற்பாடு செய்த விழா. பாராட்டு நடந்துகொண்டிருந்தபோதே கமலா மயங்கி விழுந்தார். அதிலிருந்து மீளவில்லை.

புண்ணாக்கில் வரும் நஞ்சு

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தது. யூரியா, பெராக்சைடு, சோப்பு என்று நாம் பயப்படும் கலப்படங்கள் இருந்தவை வெறும் 12 மாதிரிகள். அதற்கு மாறாக, 'அப்ளடாக்ஸின் எம்-1' என்ற நஞ்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தவை 5.7 சதவீதம். அதிகமாகக் கண்ட இடங்கள் தமிழ்நாடு, டெல்லி, கேரளம்.

இதை எந்தப் பால்காரரும் கலப்பதில்லை. ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு, சோளம், தீவனம் இவற்றில் அந்த நஞ்சு உண்டாகிறது. மாடு தின்றால் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. பால்மானியில் தெரியாது, நாக்கிலும் தெரியாது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம்தான் அனுமதித்த அளவு. அதாவது ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குரிய ஆய்வகக் கருவி இருந்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது.

பாறசாலைச் சாவடிக்கு அந்தப் பக்கம் தக்கலையிலும், இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரையிலும் ஒரே இடவப்பாதி மழைதான் பெய்கிறது. இரண்டு இடத்திலும் மாட்டுக் கொட்டகையின் மூலையில் புண்ணாக்கு மூட்டை தரையோடு தரையாகக் கிடந்தால் ஒரே பூஞ்சணம்தான் பிடிக்கும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி, சுவரை ஒட்டாமல், காற்றுப் படும்படி வைக்க வேண்டும் என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.